சீவாவில் அமோன் கோவில்: ஒரு நாளில் பார்த்துவிட்டு வர முடியுமா?

டிசம்பரில் எகிப்து போகிறீர்கள், கெய்ரோவும் லக்சோரும் முடிவாகிவிட்டன, நடுவில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, அதில் சீவா பாலைவனச் சோலைக்குப் போய் அலெக்சாண்டர் குறி கேட்ட அமோன் கோவிலைப் பார்த்துவிட்டு வரலாமா, படங்களில் இடிந்த சுவராகத்தான் தெரிகிறதே, அவ்வளவு தூரம் போக அது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் போகாதீர்கள். கெய்ரோவிலிருந்து மேற்கே மத்திய தரைக்கடல் ஓரமாகவே போய் மெர்சா மத்ரூ என்ற ஊரை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பி இன்னும் 300 கிலோமீட்டர் பாலைவனத்தில் போக வேண்டும். பேருந்தில் பத்து மணி நேரத்துக்குக் குறையாது, சோதனைச் சாவடிகளில் நிறுத்தினால் அதற்கும் மேலே. லிபிய எல்லை அங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். இரண்டு இரவாவது தங்க முடிந்தால் போங்கள், மூன்று என்றால் இன்னும் நல்லது. லக்சோரில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். நான் மூன்று தடவை போயிருக்கிறேன், முதல் தடவை நீங்கள் நினைப்பது போலவே அவசரமாகப் போய், எதைப் பார்த்தோம் என்றே புரியாமல் திரும்பி வந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லக்சோரின் கர்நாக் கோவிலைப் பார்த்த கண்ணோடு சீவா போனால் ஏமாற்றம்தான் வரும். அங்கே 134 பிரம்மாண்டத் தூண்கள் நிற்கும் மண்டபம், இங்கே ஒரு சின்னக் குன்றின் மேல் நாலு அறை. ஆனால் இரண்டும் ஒரே கடவுளின் வீடு. கர்நாக்கில் அமுன், கிரேக்கர் வாயில் அமோன். தீப்ஸ் நகரத்திலிருந்து (இன்றைய லக்சோர்தான்) இரண்டு கரும்புறாக்கள் பறந்தன, ஒன்று கிரேக்கத்தில் டொடோனாவில் போய் இறங்கியது, மற்றது லிபியப் பாலைவனத்தில் இறங்கியது, இரண்டு இடத்திலும் குறி சொல்லும் தலம் உண்டானது என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதையை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாலைவனத் தலம்தான் சீவா. கர்நாக்கை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவது ஒரு வகையில் சரியான வரிசை.

சரி, குறி கேட்பது என்றால் என்ன நடந்தது? இது தெரிந்தால்தான் அங்கே கிடக்கும் கல் எல்லாம் பேசும். நாம் நினைப்பது போல ஒரு பூசாரி சாமி வந்து ஆடி வாக்குச் சொல்லவில்லை. கடவுளின் திருவுருவத்தைப் பொன்வேய்ந்த படகு ஒன்றில் வைத்து, எண்பது பூசாரிகள் தோளில் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். பெண்கள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தூக்குகிறவர்கள் முடிவு செய்வதில்லை, கடவுள் எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அந்தப் பக்கம் போவார்கள் என்பது நம்பிக்கை. கேட்ட கேள்விக்கு அது சாய்வதும் அசைவதும்தான் பதில், அதற்குப் பொருள் சொல்வது தலைமைப் பூசாரி. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் இப்படித்தான் விவரிக்கிறார். உற்சவரைத் தோளில் சுமந்து வீதி உலா வரும் ஊர்களில் வளர்ந்த நமக்கு இதைக் கற்பனை செய்வது ஒன்றும் கஷ்டமில்லை, தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும், திருவிழாக் கூட்டத்தில் பல்லக்கு தானாக இழுப்பது போல ஒரு கணம் தோன்றும்.

இதில் முக்கியமான விஷயம் இதுதான்: எண்பது பேர் தூக்கி நடக்க இடம் வேண்டும். குன்றின் மேல் அந்த இடம் கிடையாது. ஆகவே குன்றின் மேல் உள்ள கோவிலை மட்டும் பார்த்துவிட்டு, கீழே தனியாக நிற்கும் சுவரை ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மேலே அகூர்மி குன்றின் கோவில், சில நூறு மீட்டர் தெற்கே பேரீச்சை மரங்களுக்கு நடுவில் உம் உபைதா கோவில், இவை இரண்டையும் ஊர்வலப் பாதை ஒன்று இணைத்திருக்க வேண்டும். இரண்டையும் நடந்தே பாருங்கள், அதுவும் மேலிருந்து கீழே என்ற வரிசையில். அலுப்பாக இருக்கிறது என்று வண்டியில் ஏறிவிடாதீர்கள், அந்தச் சில நூறு மீட்டரில்தான் இந்தத் தலமே இருக்கிறது.

முதலில் அகூர்மி. ஷாலி என்னும் ஊர் மையத்திலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், தோப்புகளுக்கு நடுவே சாலை. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், அதுதான் நல்ல வழி. முன்பு கழுதை வண்டிதான், இப்போது நம்ம ஊர் ஆட்டோ மாதிரி துக்துக்கும் ஓடுகிறது. குன்றின் மேல் ஏறும் வாசலில் பேரீச்சை மரத் தண்டுகளை உத்திரமாகப் போட்டிருப்பார்கள், பக்கத்தில் மண்ணால் கட்டிய பழைய பள்ளிவாசல். 1926 வரை இந்தக் குன்றின் மேல் ஒரு கிராமமே இருந்தது, கோவில் சுவர்களை ஒட்டியே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் மண்சுவர் எல்லாம் கோவில் என்று நினைத்துவிட வேண்டாம். மண் சுவர் கிராமம், வெட்டி அடுக்கிய சுண்ணாம்புக்கல் கோவில். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி போய்விடும்.

கல் கோவில் கட்டப்பட்டது 26-வது வம்சத்து அரசர் அமாசிஸ் காலத்தில், அதாவது கி.மு. 570-க்கும் 526-க்கும் இடையே. வாசல், இரண்டு கூடம், அப்புறம் கருவறை. நேராக உள்ளே போகலாம். கருவறைச் சுவரில் புடைப்புச் சிற்பம் மங்கலாக இருக்கிறது, கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அமாசிஸ் தெய்வங்களுக்குப் படையல் வைக்கிறார், எதிர்ப் பக்கம் அதே அளவில் செதிர்திஸ் என்ற உள்ளூர்த் தலைவர், தலையில் லிபியக் குடித்தலைவர்கள் செருகும் தீக்கோழி இறகு. ஒரு எகிப்தியக் கோவிலின் கருவறையில் மன்னனுக்குச் சமமாக ஒரு உள்ளூர்க்காரர் நிற்பது சாதாரணம் கிடையாது. நைல் நதிக்கரையில் ஒரு சிற்றரசன் இப்படிச் செய்திருந்தால் விட்டிருப்பார்களா? நடுவில் இவ்வளவு பாலைவனம் இருந்ததால் சீவாக்காரர்கள் தங்கள் விருப்பப்படி இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கல்லைக் கொத்திய விதத்தைப் பார்த்து இது சிரினைக்கா (இன்றைய கிழக்கு லிபியா) பக்கத்துக் கிரேக்கக் கொத்தர்களின் வேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், வாசலின் பக்கத்தில் வரிப்பள்ளம் விட்ட அரைத்தூண் ஒன்றின் மிச்சத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கருவறையை ஒட்டி வலப்பக்கம் ஒரு குறுகலான சந்து உண்டு. பூசாரி அதில் ஒளிந்துகொண்டு கடவுளின் குரலில் பேசினார் என்று வழிகாட்டி சொல்வார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நான் மேலே சொன்ன படகு முறையோடு அது ஒத்துப் போகவில்லை. பழைய எழுத்துகள் சாய்வையும் சைகையையும்தான் பேசுகின்றன, சுவருக்குள்ளிருந்து வந்த குரலை யாரும் எழுதவில்லை. சந்து எதற்காக என்பதை உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லாதபோது அதை வைத்துப் பூசாரிகள் எல்லாரையும் ஏமாற்றுக்காரர்கள் ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. லிடியாவின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) மன்னர் குரோசஸ் ஆள் அனுப்பி இங்கே கேட்டார், ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் இதை மதித்தன, கிரேக்கக் கவிஞர் பிண்டார் அமோனுக்குப் பாட்டு எழுதினார். அத்தனை பேரின் மரியாதை ஒரு சந்தில் அடங்காது.

அடுத்து, நீங்கள் கேட்ட அலெக்சாண்டர். கி.மு. 331 தொடக்கம். அவர் வந்த வழி நீங்கள் பேருந்தில் வரப்போகும் அதே வழி என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடற்கரையோரமாக பரைட்டோனியம் வரை வந்தார், அதுதான் இன்றைய மெர்சா மத்ரூ, அங்கிருந்து தெற்கே திரும்பினார். வழியில் தண்ணீர் தீர்ந்துபோய் மழை வந்து காப்பாற்றியது, மணல்காற்றில் பாதை மறைந்தபோது இரண்டு காகங்கள் வழிகாட்டின என்று கூட இருந்தவர்கள் எழுதினார்கள். அவருடைய தளபதி தாலமி மட்டும் காகம் இல்லை, இரண்டு பாம்புகள் பேசிக்கொண்டே முன்னால் போயின என்கிறார். மத்ரூவைத் தாண்டியபின் தூங்காமல் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். மணி கணக்கில் ஒரு மரம் கூட இல்லாத சமவெளி, கடைசியில் நிலம் சட்டென்று கீழே இறங்கி (சோலை கடல் மட்டத்துக்கும் கீழே, ஏறக்குறைய 18 மீட்டர் தாழ்வில் இருக்கிறது) பேரீச்சையும் உப்பு ஏரிகளும் ஒன்றாகத் தெரியும். மழை, காகம், பாம்பு எல்லாம் ஏன் கதையில் வந்தன என்று அந்த இடத்தில் நன்றாகவே புரியும்.

மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு வெளியே நிற்க, அலெக்சாண்டரை மட்டும் வந்த உடையோடே பூசாரி உள்ளே விட்டார். அங்கே என்ன கேட்டார், என்ன பதில் வந்தது? வெளியே வந்து, மனம் விரும்பிய பதில் கிடைத்தது என்று சொன்னதாக, பின்னாளில் அவர் வரலாற்றை எழுதிய அர்ரியன் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையை எழுதிய இன்னொருவரான புளூட்டார்க் ஒரு சுவையான விஷயம் சொல்கிறார்: பூசாரிக்குக் கிரேக்கம் அரைகுறை, "குழந்தாய்" என்று அன்போடு அழைக்க வந்தவர் ஒரு எழுத்துப் பிசகி "ஜீயஸின் மகனே" என்று சொல்லிவிட்டார், அலெக்சாண்டருக்கு அந்தப் பிழை பிடித்துப்போயிற்று. பிழையோ இல்லையோ, அவர் அதை விடவில்லை. ஏழு வருடம் கழித்து உயிர் நண்பன் ஹெபாஸ்தியன் இறந்தபோது, அவனைக் கடவுளாக வணங்கலாமா என்று இங்கேதான் ஆள் அனுப்பிக் கேட்டார். வீரனாக வணங்கலாம், கடவுளாக வேண்டாம் என்று பதில் வந்தது, அதை ஏற்றுக்கொண்டார். உலகத்தில் அவருக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இந்தச் சின்னக் குன்றுதானோ என்று எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் தோன்றும். இறந்தபின் நாணயங்களில் அவர் தலையில் அமோனின் செம்மறிக் கடாக் கொம்பு முளைத்தது.

அந்தக் கொம்பு நம் பக்கம் வரை வந்திருக்கிறது. சுருள் சுருளாக இருக்கும் அம்மோனைட் புதைபடிவத்துக்கு அந்தப் பெயர் அமோனின் கொம்பால்தான் வந்தது, அரியலூர் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைப்பதும் பூஜை அறைச் சாளக்கிராமமும் அதே இனம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தூவுகிறார்களே நவச்சாரம், அதற்கு மேற்கு மொழிகளில் அமோனின் உப்பு என்றுதான் பெயர், அமோனியா என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே.

இனி உம் உபைதா. குன்றிலிருந்து இறங்கித் தோப்புக்குள் நடந்தால் வரும். 30-வது வம்சத்து இரண்டாம் நெக்டனெபோ காலத்தில், கி.மு. 360-க்கும் 343-க்கும் நடுவில், வெனாமுன் என்ற உள்ளூர்த் தலைவர் கட்டியது. இன்றைக்கு ஒரு சுவர், சுற்றிலும் பாறைத் துண்டுகள். காலம் இதை இப்படி ஆக்கவில்லை. 1811-ல் நிலநடுக்கத்தில் ஒரு பகுதி விழுந்தது உண்மை, ஆனாலும் 1820-ல் வந்த மினுடோலி என்பவரின் குழு வரைந்த படங்களில் நிறையவே நிற்கிறது. 1890-களின் கடைசியில் அன்றைய ஆட்சி அதிகாரி ஒருவர் கட்டடத்துக்குக் கல் வேண்டும் என்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற கோவிலை, பக்கத்திலேயே வேறு கல் இருக்கும் ஊரில்! இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

மிச்சமிருக்கும் சுவரை அவசரப்படாமல் பாருங்கள். மேலிருந்து கீழே வரிசை வரிசையாகச் சிற்பம், சித்திர எழுத்து. தெய்வச் சிலையோ இறந்தவரின் உடலோ உயிர் பெறுவதற்காகச் செய்யும் வாய்திறப்புச் சடங்கின் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது, மேல் பகுதியில் மாடத்தில் வீற்றிருக்கும் அமுனின் முன்னால் வெனாமுன் மண்டியிட்டிருக்கிறார். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் கோடுகள் எழுந்து நிற்கும். திரும்பி வடக்கே பார்த்தால் பேரீச்சை ஓலைகளுக்கு மேல் அகூர்மி குன்று தெரியும். படகு அங்கிருந்துதான் இறங்கி வந்திருக்கும்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் வட்டமான ஒரு ஊற்றுக்குளம், கிளியோபாட்ரா குளம் என்று பலகை வைத்திருப்பார்கள். அவர் வந்ததற்குச் சான்று இல்லை, ஆனால் குளம் அவரைவிடப் பழமையானது. விடியலில் வெதுவெதுப்பு, நண்பகலில் குளிர்ச்சி, நள்ளிரவில் கொதிப்பு என்று ஹெரோடோட்டஸ் எழுதிய சூரிய ஊற்று இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். தண்ணீரின் சூடு நாள் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான், காற்றுதான் மாறுகிறது, பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவு வித்தியாசம். அவர் சொன்னதில் கொதிப்பை மட்டும் கழித்துவிட்டு டிசம்பர் விடியலில் கையை விட்டுப் பாருங்கள்.

சுற்றிப் பார்க்கும் இரண்டாவது நாளை ஜெபல் அல் மவ்தாவுக்கும் ஷாலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஜெபல் அல் மவ்தா என்றால் இறந்தோர் மலை, ஊருக்கு வடக்கே நடக்கிற தூரம், மலை முழுவதும் தேன்கூடு மாதிரி கல்லறைகள். 1940-ல் இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டபோது ஊர்மக்கள் இந்தக் குகைகளில் ஒளிந்தார்கள், அப்போதுதான் ஓவியக் கல்லறைகள் சில வெளிப்பட்டன. சீ-அமுன் என்பவரின் கல்லறை பூட்டியிருக்கும், காவலரிடம் கேட்டால் திறந்து விடுவார், படம் எடுக்க விடமாட்டார்கள். சுருள் முடியும் கருந்தாடியுமாகக் கிரேக்கர் போல ஒரு மனிதர், அவர் மகனுக்குக் கிரேக்கக் குட்டை மேலாடை, ஆனால் வணங்குவது எல்லாம் எகிப்தியத் தெய்வங்களை, மரத்தடியில் வானதேவி நூத் தண்ணீர் வார்க்கிறாள். நீலமும் சிவப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன, நடுநடுவே யாரோ பெயர்த்து எடுத்துக்கொண்டு போன ஓட்டைகளும்.

ஷாலி கோட்டை கோவில் இல்லை, ஆனாலும் சீவாவைப் புரிந்துகொள்ள அது வேண்டும். 13-ம் நூற்றாண்டில் தொடங்கிய ஊர். கட்டியது கர்ஷீஃப் என்று அவர்கள் சொல்லும் பொருளால், உப்பு ஏரிக் கரையில் கெட்டியாகிப்போன உப்புக் கட்டிகளை மண்ணில் பதித்து எழுப்பும் சுவர். வெயிலுக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது, ஆனால் மழைக்குக் கரையும். 1926-ல் மூன்று நாள் விடாமல் மழை பெய்ததில் ஊர் உருகி இறங்கிவிட்டது, அகூர்மி கிராமமும் அப்போதுதான் காலியானது. ஒரு பகுதியைச் சீரமைத்து 2020-ல் திறந்தார்கள். பாதையை விட்டு விலகிச் சுவர்மேல் ஏறாதீர்கள், கால் வைத்த இடம் உதிரும், உங்கள் கால்களுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து.

வழிகாட்டிகள் இன்னும் இரண்டு கதை சொல்வார்கள். பாரசீக மன்னன் காம்பைசிஸ் அமோன் கோவிலை எரிக்க அனுப்பிய 50,000 வீரர்கள் மணல்புயலில் புதைந்தது ஒன்று. எழுதியவர் ஹெரோடோட்டஸ்தான், ஆனால் அந்தப் படையின் எலும்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றை இதுவரை யாரும் காட்டவில்லை. மற்றது, அலெக்சாண்டரின் கல்லறை இங்கே இருக்கிறது என்பது. 1995-ல் ஒரு கிரேக்க ஆய்வாளர் சோலையின் மேற்குக் கோடியில் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார், போய்ப் பார்த்த மற்ற நிபுணர்கள் ஏற்கவில்லை. அமோனின் பக்கத்தில் புதைக்கச் சொல்லி அவர் கேட்டதாகப் பழைய எழுத்துகள் உண்டு, உடலைக் கொண்டுபோய் வைத்தது என்னவோ அலெக்சாந்திரியாவில்.

செய்முறை விஷயங்கள். டிசம்பர் நல்ல மாதம், பகல் இதமாக இருக்கும், இரவில் குளிர் எலும்பில் இறங்கும், கம்பளி எடுத்துப் போங்கள், எல்லா விடுதிகளிலும் அறை சூடாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், சாவடிகளில் கேட்பார்கள். ஊருக்குள்ளும் கோவில்களுக்கும் சிறப்பு அனுமதி வேண்டாம், தெற்கே மணல்கடலுக்குள் வண்டியில் போவதென்றால் வேண்டும், தங்கும் இடத்தில் முந்தைய நாளே சொல்லி வையுங்கள். போதுமான பணத்தை நோட்டாகவே கொண்டு போங்கள். சைவம் என்றால் கவலையில்லை, அவரைப் பருப்பு ஃபூல், தாமியா வடை, ரொட்டி, ஆலிவ், பேரீச்சை எங்கேயும் கிடைக்கும். அங்கே இருப்பவர்கள் அமாசிக் (பெர்பர்) மக்கள், வீட்டில் பேசுவது சீவி மொழி, அரபு இரண்டாவதுதான். கட்டுப்பாடான ஊர், பெண்கள் வெளியே வரும்போது உடல் முழுவதும் போர்த்திக்கொண்டுதான் வருவார்கள், அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும், குளத்தில் இறங்கும் பெண்கள் உடையோடே இறங்குவது நல்லது.

உப்புக் குழிகளில் மிதக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஏரிகள் பெருகுவதுதான் சோலையின் இன்றைய பெரிய கவலை. 1980-களில் தார்ச்சாலை வந்தபின் ஏராளமான கிணறு தோண்டினார்கள், கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பாய்ச்சிய தண்ணீர் வெளியேற வழியில்லை, அது உப்பாகத் தேங்கித் தோப்புகளின் வேரைத் தொடுகிறது. தோட்டக்காரர் யாராவது பேச்சுக் கொடுத்தால் இதைக் கேளுங்கள், கோவிலைவிட இதைத்தான் அதிக நேரம் பேசுவார்.

முதல் நாள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், எதையும் பார்க்க வேண்டாம், தூங்குங்கள். மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் அகூர்மி, அங்கிருந்து நடந்து உம் உபைதா, குளத்தில் குளியல், பகலில் ஓய்வு. மாலை நாலு மணி வாக்கில் உம் உபைதாவுக்கு மட்டும் இன்னொரு தடவை போங்கள். அந்த நேரத்தில் அங்கே பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள், வெனாமுனின் முகம் காலையில் தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தெரியும்.